உரிமம் வாங்கியவரைத் தேர்வு நாளுக்கும் தயார் செய்யுங்கள்: விமானப் பயிற்சிப் பள்ளித் தலைமைப் பயிற்றுநர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய தலைமைப் பயிற்றுநர்களுக்கு,

வணக்கம். விமானி வேலைக்கான தேர்வுகளில் நேர்காணல் மேசைக்கு மறுபுறமும், சிமுலேட்டரில் மதிப்பீட்டாளர் இருக்கையிலும் உட்காருகிறவர்கள் சேர்ந்து எழுதும் மடல் இது. உங்களிடம் படித்து, வணிக விமானி உரிமமும் கருவிப் பறப்புத் தகுதியும் (வெளியே பார்க்காமல் கருவிகளை மட்டும் நம்பிப் பறக்கும் தகுதி) வாங்கி வருகிற பிள்ளைகளுக்குப் பறக்கத் தெரியும். அதில் எங்களுக்குச் சந்தேகமே இல்லை. ஆனாலும் அவர்களில் பலர் சிமுலேட்டரில் முதல் பத்து நிமிடத்துக்குள் நிலைகுலைந்து போகிறார்கள். உரிமத் தேர்வு ஒன்றைக் கேட்கிறது, வேலைக்கான தேர்வு வேறொன்றைக் கேட்கிறது. இரண்டுக்கும் நடுவே உள்ள பள்ளத்தை அவர்களாகத் தாண்டிக்கொள்ளட்டும் என்று விட்டுவிடுகிறோம். இப்போது உங்கள் பாடத்திட்டத்தில் இருக்கும் மணிநேரத்துக்குள்ளேயே அதைத் தூர்க்க முடியும் என்பதால்தான் உங்களுக்கு எழுதுகிறோம்.

சிமுலேட்டர் மதிப்பீடு பெரும்பாலும் ஒரே வார்ப்பில்தான் இருக்கும். இரண்டு பேரை ஜோடியாக உள்ளே அனுப்புவார்கள். ஒருவர் ஓட்டுவார், மற்றவர் கண்காணிப்பார், பிறகு வேலையை மாற்றிக்கொள்வார்கள். புறப்பாடு, ஏற்றம், நேர்மட்டத்தில் 250 நாட்டிலிருந்து (நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல்) 210, 180 என்று வேகம் குறைப்பது, 45 டிகிரி சாய்வில் ஸ்டீப் டர்ன் (செங்குத்தான திருப்பம்), ஒரு ஹோல்டிங் (குறிப்பிட்ட புள்ளியில் வட்டமடித்துக் காத்திருப்பது) அல்லது ரேடார் வழிகாட்டல், ஐஎல்எஸ் (ஓடுபாதைக்கு வழிகாட்டும் ரேடியோ அலையின் ஊசியைப் பார்த்து இறங்குவது), கோ-அரவுண்ட் (இறங்குவதைக் கைவிட்டு மீண்டும் மேலேறுவது), சில இடங்களில் ஓர் எஞ்சின் செயலிழப்பு, மறுபடி ஐஎல்எஸ். ஆட்டோபைலட், உந்துவிசையைத் தானே சரிசெய்யும் ஆட்டோத்ராட்டில், எப்படி ஓட்ட வேண்டும் என்று திரையில் காட்டும் ஃபிளைட் டைரக்டர் மூன்றும் பெரும்பாலும் அணைந்திருக்கும். வந்திருப்பவர் அந்த வகை விமானத்தை இதற்குமுன் தொட்டதில்லை என்பது மதிப்பீட்டாளருக்குத் தெரியும். ஊசி நடுவில் ஒட்டிக்கொண்டே இருக்க வேண்டும் என்று அவர் எதிர்பார்ப்பதில்லை. விலகல் கண்ணில் பட்டதா, வாய்விட்டுச் சொன்னாரா, அளவாகத் திருத்தினாரா, ஒருமுறை சொல்லிக் கொடுத்தது அடுத்த முறை வேலை செய்கிறதா என்று பார்க்கிறார். முதல் ஐஎல்எஸ் மோசமாகி, இரண்டாவது தெளிவாகத் திருந்தி வந்தால் அது நல்ல விண்ணப்பதாரரின் அடையாளம்.

பெரும்பாலான தடுமாற்றத்துக்கு வேர் ஒரே ஒரு கணக்கில் இருக்கிறது. மூக்கை 1 டிகிரி மாற்றினால் ஏற்ற இறக்க வேகம் எவ்வளவு மாறும்? நிமிடத்துக்கு எத்தனை கடல் மைல் போகிறோமோ அதை நூறால் பெருக்கினால் ஏறத்தாழ அந்த விடை வரும். 90 நாட்டில் பறக்கும் பயிற்சி விமானத்தில் 1 டிகிரி என்பது நிமிடத்துக்குச் சுமார் 150 அடி. 140 நாட்டில் சுமார் 240 அடி. 250 நாட்டில் 400 அடிக்கு மேல். நீங்கள் கொடுத்த பயிற்சியில் 100 அடி விலகலைத் திருத்த மாணவர் மூக்கை 2, 3 டிகிரி அசைப்பார். அங்கே அது சரியான அளவு. ஜெட் சிமுலேட்டரில் அதே கை, அதே பழக்கத்தில், நிமிடத்துக்கு 1,000 அடி ஏற்றத்தையோ இறக்கத்தையோ உண்டாக்கிவிடுகிறது. உடனே பயந்து எதிர்ப்பக்கம் இழுக்கிறார். மேலும் கீழுமாக அலை தொடங்குகிறது, வேகமும் அதோடு ஊசலாடுகிறது. வெளியிலிருந்து பார்த்தால் கை கனமாகத் தெரியும். கையில் குறை ஒன்றும் இல்லை, கணக்கை யாரும் மாற்றிக் கொடுக்கவில்லை, அவ்வளவுதான். நேர்மட்டத்தில் அரை டிகிரிக்கு மேல் திருத்தாதே, திருத்தியபின் இரண்டு மூச்சு விட்டுப் பார் என்று சொல்லிப் பழக்கினாலே இந்த அலை பாதி அடங்கிவிடும்.

இதன் மறுபாதி உந்துவிசை. பயிற்சி விமானத்தில் த்ராட்டிலைத் தள்ளிய கணமே புரொப்பெல்லர் இழுக்கும், இறக்கையின் மேல் காற்றும் வீசும். ஜெட்டில் அந்தக் காற்று இல்லை, எஞ்சின் சுழற்சி ஏறவும் நேரம் எடுக்கும். பெரிய விமானங்களுக்கான சான்றிதழ் விதிகள், தரையிறங்கும் அமைப்பில் ஏறுதிறனைக் கணக்கிடும்போது த்ராட்டிலைத் தள்ளி 8 விநாடிக்குப் பின் கிடைக்கும் உந்துவிசையைத்தான் எடுத்துக்கொள்கின்றன. ஆகவே வேகம் குறைந்தபின் த்ராட்டிலைத் தள்ளுபவர் எப்போதும் பின்தங்கியே இருப்பார். வேகம் எந்தப் பக்கம் நகர்கிறது, எவ்வளவு சீக்கிரம் நகர்கிறது என்று பார்த்து முன்கூட்டியே கொஞ்சம் தள்ளி, நிலைத்ததும் கொஞ்சம் எடுத்துவிட வேண்டும். இறக்கைக்குக் கீழே எஞ்சின் தொங்கும் விமானங்களில், ஏர்பஸ்ஸின் ஃபிளை-பை-வயர் போல அதைத் தானே ஈடுகட்டும் அமைப்பு இல்லாவிட்டால், உந்துவிசையைக் கூட்டும்போது மூக்கு தானாக மேலே போகும், குறைக்கும்போது கீழே விழும். இது தெரியாதவர் தன் கைதான் ஆடுகிறது என்று நினைத்துக்கொண்டு இன்னும் இறுக்கிப் பிடிப்பார்.

மாணவர்கள் மனப்பாடம் செய்ய வேண்டியது மூக்குக் கோணம்–உந்துவிசை அட்டவணை ஒன்றை மட்டுமே. நேர்மட்டத்தில் ஃபிளாப் (குறைந்த வேகத்தில் தூக்குவிசையைக் கூட்ட இறக்கையிலிருந்து விரியும் பகுதி) இல்லாமல் 250 நாட், 210 நாட், முதல் ஃபிளாப்போடு 180 நாட், சக்கரமும் தரையிறங்கும் ஃபிளாப்பும் விரித்து 3 டிகிரி சரிவில் அணுகும் வேகம், கோ-அரவுண்ட். ஐந்து வரிகள் போதும். பல நிறுவனங்கள் இந்த எண்களை முன்கூட்டியே அனுப்பிவிடும். அனுப்பாவிட்டால், தொடக்கத்தில் பழகிப்பார்க்கக் கொடுக்கும் சில நிமிடங்களில் அவற்றைத் தானே எடுத்துக்கொள்ள வேண்டும். நேர்மட்டத்தில் வேகம் நிலைத்ததும் மூக்குக் கோணத்தையும் என்1 எண்ணையும் (எஞ்சின் விசிறியின் சுழற்சி வேகம்) கண்காணிப்பவரிடம் சொல்லி எழுதி வைக்கச் சொல்லலாம். அப்படிக் கேட்பவரை மதிப்பீட்டாளர் குறித்துக்கொள்வார். வேகத்தைக் கண்டு துரத்தாமல், தெரிந்த கோணத்தையும் தெரிந்த உந்துவிசையையும் வைத்துவிட்டு, டிரிம் செய்துவிட்டு (கைப்பிடியை அழுத்திப் பிடிக்கத் தேவையில்லாதபடி சமன்செய்துவிட்டு), விமானம் அங்கே வந்து சேரக் காத்திருப்பதுதான் முழு வித்தையும். டிரிமைப் பற்றி ஒரு வார்த்தை: தானாக டிரிம் ஆகாத சிமுலேட்டரில், ஒவ்வொரு வேக மாற்றத்துக்கும் ஃபிளாப் மாற்றத்துக்கும் பின் கைப்பிடியின் அழுத்தம் விரலில் தெரியாமல் போகும்வரை டிரிம் செய்ய வேண்டும். டிரிம் செய்யாத விமானத்தில் வரைபடத்தைப் பார்க்கத் தலையைத் திருப்பிய நொடியே 200 அடி போய்விடும்.

திருப்பங்களும் இப்படித்தான். 90 நாட்டில் விநாடிக்கு 3 டிகிரி வீதம் திரும்பினால் வட்டத்தின் ஆரம் அரை கடல் மைல். 250 நாட்டில் 25 டிகிரி சாய்வில் திரும்பினால் விநாடிக்கு 2 டிகிரிதான் கிடைக்கும், ஆரம் ஏறத்தாழ 2 கடல் மைல். அரைவட்டம் முடிய ஒன்றரை நிமிடம் ஆகும். இதை உணராதவர் லோக்கலைசர் (ஓடுபாதையின் நடுக்கோட்டைக் காட்டும் ஐஎல்எஸ் பகுதி) ஊசி அசையத் தொடங்கியபின்தான் திரும்பத் தொடங்குவார், ஓடுபாதைக் கோட்டைத் தாண்டி மறுபுறம் போய் நிற்பார். குறுக்கிடும் கோணம் 30 டிகிரிக்கு மேல் போகக்கூடாது, அந்த நேரத்தில் வேகம் 180ஐ ஒட்டி இருக்க வேண்டும், ஊசி உயிர்பெறும் முன்பே எவ்வளவு தூரம் மிச்சம் என்று சொல்லிக்கொண்டே வர வேண்டும். ஸ்டீப் டர்னில் 45 டிகிரி சாய்வு 1.4 ஜி சுமை, அதாவது எடையின் 1.4 மடங்கு. ஸ்டால் வேகம் (அதற்குக் கீழே போனால் இறக்கை தூக்குவிசையை இழக்கும் வேகம்) ஐந்தில் ஒரு பங்கு உயரும். சாய்வு 30 டிகிரியைக் கடக்கும்போதே மூக்கைச் சற்று உயர்த்தி, உந்துவிசையைச் சற்றுக் கூட்டிவிட வேண்டும். வெளியே வரும்போது இரண்டையும் திருப்பி எடுக்க மறப்பதால்தான் பெரும்பாலோர் 300 அடி மேலே போய்விடுகிறார்கள்.

ஐஎல்எஸ்ஸைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேசலாம். இறங்கு வேகத்துக்குத் தரைவேகத்தை 5ஆல் பெருக்கு என்ற விதி எல்லோருக்கும் தெரியும்: 120 நாட்டுக்கு 600 அடி, 140 நாட்டுக்கு 700 அடி. பலருக்குத் தெரியாதது, ஒரே விலகல் ஓடுபாதையிலிருந்து எவ்வளவு தூரத்தில் என்பதைப் பொறுத்து வேறு வேறு அளவு என்பது. இரண்டு புள்ளி அளவுகோலில் கிளைடு ஸ்லோப்பின் (சரியான இறங்கு சரிவைக் காட்டும் ஐஎல்எஸ் பகுதி) ஒரு புள்ளி என்பது 0.35 டிகிரி. 5 கடல் மைலில் அது 180 அடிக்கு மேல். 1 கடல் மைலில் 40 அடிகூட இல்லை. 5 மைலில் செய்த அதே திருத்தத்தை 1 மைலில் செய்தால் ஊசி ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் பாயும். ஓடுபாதை நெருங்க நெருங்கத் திருத்தம் சிறுத்துக்கொண்டே வர வேண்டும். 500 அடிக்குக் கீழே மூக்கில் அரை டிகிரியும் ஹெடிங்கில் (மூக்கு நோக்கும் திசையில்) 2 டிகிரியும் போதும். இன்னொன்று: ஊசியைத் துரத்தாமல் ஹெடிங்கைப் பிடிக்கச் சொல்லிக் கொடுங்கள். காற்றுக்கு எத்தனை டிகிரி விட்டுக் கொடுக்க வேண்டும் என்று ஒரு ஹெடிங்கை வைத்து, ஊசி நிற்கிறதா நகர்கிறதா என்று பார்த்து, அந்த ஹெடிங்கை மட்டும் மாற்ற வேண்டும். சாய்வுக் கோணம் திருத்தத்தின் அளவைத் தாண்டக் கூடாது. 5 டிகிரி திரும்ப 20 டிகிரி சாய்ப்பவரால் ஒரு நாளும் நடுவில் நிற்க முடியாது.

எந்த இடத்தில் முயற்சியைக் கைவிட வேண்டும் என்பதும் பாடத்தின் பகுதிதான். மேகத்துக்குள் 1,000 அடியிலும், வெளியே தெரியும்போது 500 அடியிலும் அணுகுமுறை (ஓடுபாதையை நோக்கி இறங்கி வருவது) நிலைத்திருக்க வேண்டும். வேகம் விரெஃப்பைவிட (தரையிறங்குவதற்கான அடிப்படை வேகம்) 20 நாட்டுக்கு மேல் கூடாமலும் அதற்குக் கீழே இறங்காமலும், இறங்கு வேகம் நிமிடத்துக்கு 1,000 அடியைத் தாண்டாமலும், சக்கரமும் ஃபிளாப்பும் சரியான அமைப்பிலும், எஞ்சின் உந்துவிசை பொருத்தமான அளவிலும் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கோ-அரவுண்ட். உரிமத் தேர்வில் கோ-அரவுண்ட் போனால் தோல்வி என்ற பயம் மாணவர்களிடம் எப்படியோ ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதை உடைத்து அனுப்புங்கள். நிலைக்காத அணுகுமுறையைத் தொடர்ந்து எப்படியோ ஓடுபாதையில் கொண்டுபோய் வைத்தவரைவிட, 800 அடியில் நிலைக்கவில்லை, கோ-அரவுண்ட் என்று சொல்லிக் கிளம்பியவருக்கே நாங்கள் மதிப்பெண் தருவோம்.

அந்தக் கோ-அரவுண்டுக்கும் தனிப் பழக்கம் வேண்டும். சிமுலேட்டரில் ஏற்றப்படும் விமானம் பெரும்பாலும் எடை குறைந்ததாக இருக்கும். இரண்டு எஞ்சினும் முழு உந்துவிசையில் இருந்தால் நிமிடத்துக்கு 3,000 அடிக்கு மேல் ஏறும். நிறுத்த வேண்டிய உயரம் 2,000 அடி தூரத்தில் இருந்தால் கையில் இருப்பது முக்கால் நிமிடம்கூட இல்லை. அதற்குள் உந்துவிசை, மூக்கு சுமார் 15 டிகிரி, ஃபிளாப், ஏற்றம் உறுதியானதும் சக்கரம், ஹெடிங், உயரம் நெருங்குகிறது என்ற கால்அவுட் (வாய்விட்டுச் சொல்வது) என எல்லாம் நடக்க வேண்டும். சக்கரத்தை மறப்பதும், உயரத்தைத் தாண்டிப் போவதும் இங்கே அதிகம் பார்க்கும் இரண்டு தவறுகள். ஏறும் வேகத்தில் பத்தில் ஒரு பங்கு அடி முன்னாலேயே மூக்கைத் தாழ்த்தத் தொடங்க வேண்டும். 3,000 அடி வேகத்தில் ஏறினால் 300 அடிக்கு முன்னால். அணுகுமுறையைத் தொடங்கும் முன்பே இந்த வரிசையை வாய்விட்டு ஒருமுறை ஓட்டிப் பார்த்தவருக்கு இது பெரிய விஷயமே இல்லை.

ஹோல்டிங்கை நாங்கள் விரும்பிக் கேட்பதற்குக் காரணம், அதில் பறப்பதும் யோசிப்பதும் ஒரே நேரத்தில் சோதனைக்கு வந்துவிடுகின்றன. நுழைவு முறை மூன்றையும் எல்லோரும் படத்தில் வரைந்து காட்டுவார்கள். கையில் விமானத்தோடு கேட்டால் குழம்புவார்கள். 180 நாட் என்றால் நிமிடத்துக்கு 3 கடல் மைல். குறுக்காக அடிக்கும் 30 நாட் காற்று 10 டிகிரி தள்ளும். உள்நோக்கிய காலில் (புள்ளியை நோக்கி வரும் நேர்ப்பகுதியில்) அந்த 10 டிகிரியைக் கொடுத்தால், வெளிநோக்கிய காலில் (விலகிப் போகும் நேர்ப்பகுதியில்) மூன்று மடங்கு கொடுக்க வேண்டும், ஏனென்றால் இரண்டு திருப்பங்களிலும் தள்ளப்பட்டதையும் அங்கேதான் ஈடுகட்டுகிறோம். 14,000 அடி வரை உள்நோக்கிய கால் 1 நிமிடம், அதற்கு மேல் ஒன்றரை நிமிடம். காற்றைப் பொறுத்து வெளிக்காலின் நேரத்தைக் கூட்டிக் குறைக்க வேண்டும். இதைத் தாளில் போடாமல் வாயால் போடப் பழக்குங்கள்.

இறங்குதல் கணக்கும் அப்படியே. இழக்க வேண்டிய உயரத்தை ஆயிரங்களில் எடுத்து 3ஆல் பெருக்கினால் கடல் மைல். நேர்மட்டத்தில் 10 நாட் வேகம் குறைக்க ஏறத்தாழ 1 மைல். ஓடுபாதைக்கு 40 மைல், இழக்க வேண்டியது 10,000 அடி, 250லிருந்து 150க்குக் குறைய வேண்டும் என்றால் 30ம் 10ம் சேர்த்து 40; இப்போதே தொடங்கு. இந்த அளவு மனக்கணக்கைப் பறந்துகொண்டே போடுபவர் அடுத்த இரண்டு நிமிடத்தை இப்போதே பார்க்கிறார் என்று எங்களுக்குப் புரியும்.

எஞ்சின் செயலிழப்பு கொடுத்தால் அவசரமே எதிரி. முதல் வேலை நேராகப் பறப்பது: கைப்பிடி ஏறத்தாழ நடுவுக்கு வரும்வரை ரட்டர் (வாலில் உள்ள சுக்கான்), வி2 வேகத்தை (ஓர் எஞ்சின் நின்றாலும் பாதுகாப்பாக ஏறத் தேவையான வேகம்) காக்கும் மூக்கு, 15 டிகிரிக்கு மிகாத சாய்வு, டிரிம். குறைந்தது 400 அடி வரை வேறு எதையும் தொடக் கூடாது என்பது பரவலான நடைமுறை. அதன்பின் எந்த எஞ்சின் என்று இருவரும் சேர்ந்து கருவிகளைப் பார்த்துச் சொல்லி, ஒருவர் கை வைக்க மற்றவர் உறுதி செய்த பிறகே லீவரை அசைக்க வேண்டும். இதில் ஏன் இவ்வளவு பிடிவாதம் என்று மாணவர் கேட்டால், 1989 ஜனவரி 8 அன்று கெக்வொர்த்தில் நல்ல எஞ்சினை அணைத்த பிரிட்டிஷ் மிட்லண்ட் விமானத்தையும், 2015 பிப்ரவரி 4 அன்று தைப்பேயில் அதே தவறு நடந்த டிரான்ஸ்ஏசியா விமானத்தையும் எடுத்துக்காட்டுங்கள். முதலாவதில் 47 பேர், இரண்டாவதில் 43 பேர் இறந்தார்கள்.

இப்போது சொல்லப்போவது எங்கள் மனத்துக்கு மிக நெருக்கமானது. விண்ணப்பதாரர்களில் பெரும்பாலோர் தான் ஓட்டும் முக்கால் மணிக்கு மட்டும் தயார் செய்கிறார்கள். பக்கத்து இருக்கையில் உட்கார்ந்ததும் தன் முறை முடிந்தது என்று மூச்சு விடுகிறார்கள். கண்காணிக்கும் விமானியாக இருக்கும் நேரத்துக்கும் அதே எடையில்தான் மதிப்பெண். 2013 ஜூலை 6 அன்று சான் ஃபிரான்சிஸ்கோவில் ஏசியானா 214 இறங்கியபோது இலக்கு வேகம் 137 நாட். கடைசியில் அது 103 வரை இறங்கியது. அந்த விமானி அறையில் இருந்தவர் ஒருவரல்ல, மூன்று விமானிகள். வேகம் என்று ஒரு சொல் உரிய நேரத்தில் வந்திருக்க வேண்டும். ஆகவே ஜோடியாக வரும் இருவரும் போட்டியாளர்கள் அல்லர் என்று முதலில் சொல்லிக் கொடுங்கள். ஒருவர் தேறினால் மற்றவர் தேறமாட்டார் என்பது கிடையாது. இருவரும் தேறுவதும், இருவரும் தோற்றுப்போவதும் சாதாரணம். கண்காணிப்பவர் விலகலை எண்ணோடு சொல்ல வேண்டும்: வேகம் 10 குறைவு, உயரம் 100 மேலே, லோக்கலைசர் அரைப்புள்ளி இடது. ஓட்டுபவர் திருத்துகிறேன் என்று பதில் சொல்ல வேண்டும். பதிலும் இல்லை திருத்தமும் இல்லை என்றால் இரண்டாம் முறை உரக்க. பின்னும் இல்லையென்றால் தேவைப்பட்டால் கட்டுப்பாட்டை எடுத்துக்கொள்ள வேண்டும். ஓட்டுபவர் பக்கமும் கடமை உண்டு: வேலை மிகும்போது இந்த ஹெடிங்கில் இன்னும் 2 நிமிடம் கேள், செக்லிஸ்ட்டை இப்போது நிறுத்து, அடுத்த எண் என்ன என்று உதவி கேட்க வேண்டும். உதவி கேட்பதைப் பலவீனமாக நினைத்து வாயை மூடிக்கொண்டு மூழ்கிப் போகிறவர்களைப் பார்ப்பதுதான் எங்களுக்கு மிகவும் வருத்தம். அதேபோல, துணையின் கையிலிருந்து விமானத்தைப் பிடுங்குவது போல ஓயாமல் பாடம் எடுப்பதும் வேண்டாம்.

சில நிறுவனங்கள் நடுவில் ஒரு சின்னப் பிரச்சினையைக் கொடுக்கும்: ஹைட்ராலிக் எச்சரிக்கை, மயங்கி விழுந்த பயணி, மூடிய விமான நிலையம். விடையைவிட அதற்குப் போன வழியைத்தான் பார்க்கிறோம். ஃபோர்டெக், டோடார் என முடிவெடுப்பதற்கான எந்தச் சட்டகத்தை வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளட்டும். உண்மை என்ன, வழிகள் எவை, ஒவ்வொன்றின் ஆபத்து என்ன, எதைத் தேர்ந்தோம், யார் எதைச் செய்வது, சரியாகப் போகிறதா என்று திரும்பிப் பார்ப்பது. எல்லாவற்றுக்கும் முன்னால் நேரம் எவ்வளவு, எரிபொருள் எவ்வளவு என்று கேட்க வேண்டும். 1978 டிசம்பர் 28 அன்று போர்ட்லண்ட் அருகே யுனைடெட் 173 சக்கரப் பிரச்சினையை ஆராய்ந்துகொண்டே வட்டமடித்து எரிபொருள் தீர்ந்து விழுந்தது. யோசிப்பதற்கும் எரிபொருள் செலவாகிறது என்பதை நினைவில் வைத்தவர் மட்டுமே நல்ல முடிவெடுப்பார்.

நேர்காணலுக்கு வருவோம். தொழில்நுட்பக் கேள்விகளில் எங்களுக்குள்ள பெரிய குறை, கைமாறும் கேள்வித் தொகுப்புகள். விடை வரியாக வருகிறது. ஏன் என்று ஒரு படி இறங்கிக் கேட்டால் நின்றுவிடுகிறது. நனைந்த ஓடுபாதையில் வி1 (புறப்பாட்டை நிறுத்துவதா தொடர்வதா என்று முடிவெடுக்கும் வேகம்) ஏன் குறைகிறது என்று கேட்டால், பிரேக் பிடிக்காது என்று மட்டும் சொல்கிறார்கள். நிறுத்தத் தேவையான தூரம் கூடுவதால் முடிவெடுக்கும் புள்ளியை முன்னால் கொண்டுவர வேண்டும், அதற்கு விலையாக எஞ்சின் இழந்து தொடரும் விமானம் ஓடுபாதை முனையைக் கடக்கும் உயரத்தை 35 அடியிலிருந்து 15 அடிக்கு விதி தளர்த்துகிறது என்று கோத்துச் சொல்பவர் அரிது. மினிமம் ஃபியூயல் என்று சொல்வதற்கும் மேடே ஃபியூயல் என்று சொல்வதற்கும் வித்தியாசம் கேட்டால் பாதிப்பேர் தலைகீழாகச் சொல்கிறார்கள். முதலாவது, இனி குறிப்பிட்ட நிலையத்தில்தான் இறங்க முடியும், மேலும் தாமதித்தால் கடைசி இருப்புக்குள் போக நேரிடும் என்ற தகவல். முன்னுரிமை கேட்பது அல்ல. இரண்டாவது, கடைசி இருப்புக்குக் கீழேதான் இறங்கப் போகிறோம் என்ற அவசர அறிவிப்பு. ஜெட்டுக்கு அந்தக் கடைசி இருப்பு 1,500 அடியில் 30 நிமிடம் பறக்கத் தேவையான எரிபொருள். ஒவ்வொரு தலைப்பையும் மாணவர் மூன்று ஏன் ஆழம்வரை போய்ப் பார்க்கட்டும். தெரியாவிட்டால் தெரியாது, இந்த நூலில் தேடுவேன் என்று சொல்வது முழுமையான பதில். ஊகத்தை உறுதியான குரலில் சொல்வதுதான் எங்களைப் பயமுறுத்துகிறது.

நடத்தைக் கேள்விகளுக்கு நிலைமை, பொறுப்பு, செய்தது, விளைவு என்ற நான்கு படி போதும். ஆனால் கதையில் நாங்கள் நாங்கள் என்றே வந்தால் அவர் என்ன செய்தார் என்று தெரியாமல் போகிறது. ஆறேழு உண்மையான சம்பவங்களைத் தேர்ந்து, ஒவ்வொன்றையும் இரண்டு நிமிடத்துக்குள் சொல்லிப் பழகட்டும். ஒருவரோடு கருத்து மோதியது, தவறு செய்தது, விதி தெளிவில்லாத இடம், நெருக்கடி. தோற்ற தேர்வுகளை மறைக்க வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லுங்கள். பதிவேட்டில் அது இருக்கும். ஏன் தோற்றது, எதை மாற்றியது என்று இரண்டு வரியில் சொன்னால் பேச்சு அதோடு முடிந்துவிடும். மறைத்தது தெரிந்தால் அதற்குப்பின் அவர் சொல்லும் எதையும் நம்ப முடியாது.

பறப்பு நேரங்களைப் பதியும் லாக்புக்கைப் பள்ளியிலேயே சரிபார்த்து அனுப்புங்கள். பக்கக் கூட்டல் அடுத்த பக்கத்துக்குச் சரியாகப் போகாதது, சிமுலேட்டர் நேரம் பறப்பு நேரத்தோடு கலந்தது, பயிற்றுநர் கையெழுத்து விட்டுப்போனது, விண்ணப்பத்தில் உள்ள மொத்தமும் லாக்புக்கின் மொத்தமும் பொருந்தாதது. எல்லாம் ஒரு மாலையில் சரிசெய்யக்கூடியவை. சரிசெய்யாமல் வந்தால் நேர்காணலின் முதல் கால் மணி இதிலேயே போய்விடுகிறது. முதல் வகுப்பு மருத்துவச் சான்று, மொழித் திறன் நிலை, உரிமம், கடவுச்சீட்டு ஆகியவற்றின் காலாவதித் தேதிகளையும் அப்போதே பார்த்துவிடுங்கள்.

எங்கள் கோரிக்கை இதுதான். கருவிப் பறப்புப் பயிற்சியின் கடைசிப் பத்து மணி நேரத்தையாவது ஃபிளைட் டைரக்டர் இல்லாமல், ஆட்டோபைலட் இல்லாமல், உங்கள் பயிற்சிக் கருவி அனுமதிக்கும் மிக அதிக வேகத்தில் நடத்துங்கள். ஒவ்வொரு அமர்வுக்கும் இரண்டு மாணவர்களை உட்கார வைத்து, கண்காணித்தவருக்குத் தனி மதிப்பெண் கொடுங்கள். ஓடுபாதையையும் காற்றையும் அமர்வுக்கு நடுவே மாற்றுங்கள். மனப்பாடமான வரிசை அங்கே உடைய வேண்டும், பிறகு அங்கேயே மீள வேண்டும். அமர்வு முடிந்ததும் நீங்கள் பேசுவதற்கு முன் மாணவர்களைப் பேசவிடுங்கள்: எது நன்றாகப் போனது, எது போகவில்லை, ஏன். தேர்வு நாளில் சிமுலேட்டரை விட்டு இறங்கியதும் நாங்கள் கேட்கும் முதல் கேள்வியும் அதுவே. தன் விலகல்களைத் தானே எண்ணோடு சொல்லத் தெரிந்தவர், சொன்ன காரணம் சரியாகவும் இருந்தால், பறப்பில் விட்ட மதிப்பெண்ணில் ஒரு பகுதியை அங்கே மீட்டுவிடுகிறார்.

வீட்டுக் கணினியில் ஓட்டிப் பழகலாமா என்று மாணவர்கள் உங்களைக் கேட்பார்கள். ஸ்கேன் (கருவிகளை வரிசையாகக் கண்ணால் சுற்றிப் பார்ப்பது), கால்அவுட், ஹோல்டிங் நுழைவு, இறங்குதல் கணக்கு ஆகியவற்றுக்குத் தாராளமாகப் பழகலாம். கைப்பிடியின் கனமும் டிரிமும் அதில் கிடைக்காது. அதற்கு, தேர்வுக்கு முந்தைய இரண்டு வாரங்களுக்குள் உண்மையான ஜெட் சிமுலேட்டரில், ஜோடியாக, இரண்டு மணி நேர அமர்வுகள் இரண்டு கிடைத்தால் நல்லது. அதைத் தேர்வுக்கு முந்தைய நாள் வைக்க வேண்டாம். முந்தைய நாள் அட்டவணையின் ஐந்து வரிகளையும் கோ-அரவுண்ட் வரிசையையும் நாற்காலியில் உட்கார்ந்து வாயால் ஓட்டிப் பார்த்துவிட்டு, நேரத்தோடு தூங்கச் சொல்லுங்கள்.

அன்புடன்,
நேர்காணல் குழுக்களிலும் சிமுலேட்டர் மதிப்பீட்டிலும் பணிபுரியும் விமானிகள்